டெக்கென் 3 ஆடிய கைக்கு டெக்கென் 8 ஒத்துவருமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது: "அண்ணாச்சி, சின்ன வயசில ப்ரௌசிங் சென்டர்ல டெக்கென் 3 விளையாடினதோட சரி. இப்ப தம்பியும் நானும் சேர்ந்து பிஎஸ்5 வாங்கியிருக்கோம். டெக்கென் 8 எடுக்கலாமா? நல்லது என்ன, கெட்டது என்ன? நம்ம ஊரு நெட்டுக்கு ஆன்லைன் ஓடுமா?"

டெக்கென் என்பது இரண்டு ஆட்கள் நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டு. எடுக்கலாம் தம்பி. வீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஆன்லைனுக்காக மட்டும் என்றால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கற்றுக்கொடுக்கும் வசதியில் இதுவரை வந்த டெக்கென்களில் இதுதான் முதலிடம். ஆனால் பொறுமையாகத் தடுத்து ஆடுகிறவனுக்கு இதைப்போலக் கைவிரித்த டெக்கென் வேறு இல்லை. இரண்டும் ஒரே ஆட்டத்துக்குள் இருக்கின்றன.

முதலில், நீங்கள் விட்ட இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள தூரம். டெக்கென் 3 ஆர்கேடில் 1997-லும் பிளேஸ்டேஷனில் 1998-லும் வந்தது. அதில் மைதானத்துக்கு எல்லையே கிடையாது, பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். டெக்கென் 4 முதல் சுவர் வந்தது. இப்போது சுவரில் சாய்த்து அடிப்பதுதான் பாதிச் சேதம். சில மேடைகளில் தரையும் உடையும். ஆளைத் தூக்கிப் போட்டு அந்தரத்தில் அடிப்பது அன்றும் இருந்தது. இன்று அதன் நடுவே ஒருமுறை எதிராளியைச் சுழல வைத்து மேலும் சில அடிகள் சேர்க்கலாம். அதற்கு டொர்னேடோ என்று பெயர். இப்படி விடாமல் தொடர்ந்து விழும் அடிகள்தான் காம்போ. ஒரு சுமாரான காம்போவே உயிர்க்கோட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். அதாவது மூன்று தப்பு செய்தால் ரவுண்டு முடிந்தது.

பட்டன் மட்டும் மாறவில்லை. சதுரம் இடக்கை, முக்கோணம் வலக்கை, பெருக்கல் குறி இடக்கால், வட்டம் வலக்கால். கிங்கின் ஜெயன்ட் ஸ்விங், பாலின் டெத் ஃபிஸ்ட், கஸூயாவின் எலக்ட்ரிக் என அந்தந்த ஆளின் பேர்பெற்ற அடிகள் எல்லாம் பழைய கைப்பழக்கத்திலேயே வரும். எடி கோர்டோவை எடுத்து இரண்டு உதை பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்கிக் கடைக்காரரையே தோற்கடித்த கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்த எடி, விளையாட்டு வந்த 2024 ஜனவரி 26 அன்று இருந்த 32 பேரில் இல்லை. பிறகு காசு கொடுத்து வாங்கும் ஆளாகத்தான் வந்தான். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், வாங்கிய பிறகு மனம் கசக்க வேண்டாம்.

இப்போது இதன் பெரிய பலத்துக்கு வருகிறேன். டெக்கென் வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. ஒரு ஃப்ரேம் என்பது வினாடியில் அறுபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. எந்த அடி எத்தனை ஃப்ரேமில் போய்ச் சேரும், அதைத் தடுத்தால் அடித்தவன் எத்தனை ஃப்ரேம் பின்தங்குவான் என்ற கணக்குதான் இந்த விளையாட்டின் இலக்கணம். டெக்கென் 7-இல் இந்தக் கணக்கைத் திரையில் காட்டும் வசதியைத் தனியாக விலைக்கு விற்றார்கள். டெக்கென் 8-இல் அது உள்ளேயே இருக்கிறது. அதைவிட அருமையான விஷயம் ரீப்ளே. தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டால், "இந்த அடியைத் தடுத்தபோது நீ திருப்பி அடித்திருக்கலாம், இந்த அடி எட்டும்" என்று அந்த இடத்திலேயே காட்டுகிறது. அங்கேயே நிறுத்தி, கண்ட்ரோலரை உங்கள் கைக்கு எடுத்து, அதே நொடியை மறுபடி ஆடிப் பார்க்கலாம். சண்டை விளையாட்டு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஓர் உதாரணம். பால் டெத் ஃபிஸ்ட் போடுகிறான்: கீழ், கீழ்-முன், முன், கூடவே முக்கோணம். பட்டால் உயிர்க்கோட்டில் ஒரு பெரிய துண்டு காலி. அதனால் புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் இதையேதான் போடுவார்கள். ஆனால் நின்றபடி பின்பக்கம் அமுக்கித் தடுத்துவிட்டால் பால் 15 ஃப்ரேமுக்கும் மேலே பின்தங்கி நிற்கிறான். 10 ஃப்ரேமில் போகும் உங்கள் இடக்கைக் குத்து அவன் தடுக்கும் முன்பே நிச்சயம் படும். அது சில்லறை. 15 ஃப்ரேமில் தூக்கிப் போடும் அடி உங்கள் ஆளிடம் இருந்தால் முழுக் காம்போவே கிடைக்கும். பிராக்டிஸில் எதிர் ஆளுக்கு டெத் ஃபிஸ்டைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். தடுத்த கணத்தில் உடனே திருப்பி அடியுங்கள். இரு பக்கமும் இருபது முறை, அதாவது திரையின் இடப்பக்கம் நின்று இருபது, வலப்பக்கம் நின்று இருபது. பலருக்கு வலப்பக்கம் போனால் கை தடுமாறும், ஏனென்றால் திசைகள் எல்லாம் தலைகீழாகும். இப்படி ஒவ்வொரு ஆளின் மிக ஆபத்தான இரண்டு மூன்று அடிகளுக்கு மட்டும் பதில் பழகினால் போதும். எல்லா ஆளுக்கும் எல்லா அடியையும் மனப்பாடம் செய்யப் போனால் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

அடுத்த பலம், இட அளவு. சிலம்பம் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கம்பு எட்டாத ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டு, எதிராளியின் வீச்சு காற்றில் போனதும் உள்ளே புகுவதுதானே சிலம்பம். டெக்கெனும் அதேதான். பின்பக்கம் இருமுறை தட்டினால் ஒரு பின்பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலைக் கீழ்-பின் திசையால் பாதியில் வெட்டி, மறுபடி பின்பாய்வதைத்தான் கொரியன் பேக் டேஷ் என்கிறார்கள். வெட்டாமல் விட்டால் பாய்ச்சல் முடியும்வரை அடுத்த பாய்ச்சல் வராது, அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வீர்கள். கட்டைவிரல் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். தினம் பத்து நிமிஷத்துக்கு மேல் செய்ய வேண்டாம், விரல் நுனி தோல் போய்விடும். அனலாக் குச்சியில் இது வராது, திசை பட்டனில்தான் வரும்.

சரி, குறை. இதன் பெயர் ஹீட். முக்கோணமும் பெருக்கலும் சேர்த்து அமுக்கினால் ஆள் மேல் நீல ஒளி ஏறும், ரவுண்டுக்கு ஒருமுறை. ஒளி இருக்கும் அந்தச் சில விநாடிகளில் எதிராளி தடுத்தாலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதோடு, ஹீட் எங்கேஜர் எனப்படும் சில அடிகளைப் போட்டதும் முன்னால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளலாம். அந்தப் பாய்ச்சலை நீங்கள் சரியாகத் தடுத்தாலும்கூட எதிராளிக்கு 5 ஃப்ரேம் முன்னிலை கிடைக்கிறது. கேட்பதற்கு 5 என்பது அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் இருப்பதிலேயே வேகமான குத்து 10 ஃப்ரேம். அவன் 13 ஃப்ரேம் நடு அடி போடுகிறான். 13-இல் 5 போக 8. உங்கள் குத்து கிளம்பிப் பாதி வழியில் இருக்கும்போதே அவன் அடி விழுந்துவிடும். ஆகவே நீங்கள் அடிக்கக் கூடாது, தடுக்கத்தான் வேண்டும். எப்படித் தடுப்பது? நின்றால் காலடியோ (தாழ்வாக வரும் அடி) பிடியோ (பிடித்துத் தூக்கி எறிவது) விழும், உட்கார்ந்தால் நடு அடி விழும். காலடி மெதுவாக வந்தால் பார்த்து உட்காரலாம். வேகமாக வருவதை மனிதக் கண் பார்த்துத் தடுக்க முடியாது; ஊகித்தே ஆக வேண்டும். பூவா தலையா போடுவதுதான். அதுவும் நீங்கள் எதையும் தப்பாகச் செய்யாதபோது!

இதைத்தான் ஏற்க முடியவில்லை. டெக்கென் 3 முதல் டெக்கென் 7 வரை ஒரு நியாயம் இருந்தது: சரியாகத் தடுத்தவனுக்குப் பரிசு உண்டு. டெக்கென் 8 அந்த நியாயத்தைத் தளர்த்திவிட்டது. ஈடாக, தடுத்தபோது தேய்ந்த உயிரை நீங்கள் திருப்பி அடித்தால் மீட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் நீங்கள்தான் பாய்ந்து அடிக்க வேண்டும். எங்கே திரும்பினாலும் "முன்னால் போ, முன்னால் போ" என்றே தள்ளுகிறது. 2025 ஏப்ரலில் வந்த இரண்டாம் சீசன் மாற்றத்தில் இந்த ஊக விளையாட்டு இன்னும் கூடியது. அந்த வாரமே கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்து, தொழில்முறை ஆட்டக்காரர்களே வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அடுத்தடுத்த அப்டேட்களில் சிலவற்றைக் குறைத்தார்கள். ஹீட்டின் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

ரேஜ் ஆர்ட் பற்றிப் பயப்பட வேண்டாம். உயிர் கால்வாசிக்குக் கீழே போனதும் உடம்பு சிவந்து, ஒரே பெரிய அடி போடலாம். போடும்போது நீங்கள் அடித்தாலும் நிற்காமல் வரும், அதனால் புதியவர்கள் அலறுகிறார்கள். எதிராளி சிவந்திருக்கும்போது நீளமான தொடர் அடிகளைப் போடாமல், ஒரு சின்னக் குத்தோடு நிறுத்தித் தடுங்கள். தடுக்கப்பட்டால் அவன் 15 ஃப்ரேம் பின்தங்குகிறான். தூக்கிப் போட்டு ரவுண்டை முடித்துவிடலாம்.

பணம் கறக்கும் பக்கமும் ஒரு குறைதான். விளையாட்டு வந்து விமர்சனங்களெல்லாம் வெளியான பிறகு, 2024 பிப்ரவரியில் உடை விற்கும் கடையைத் திறந்தார்கள். இந்த வரிசை பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் அது நேர்மையாகப் படவில்லை. எடி, லிடியா, ஹெயஹாச்சி, கிளைவ் என முதல் ஆண்டில் நான்கு பேர் தனி விலைக்கு வந்தார்கள். சில மேடைகளும் தனி விலைக்கு. உடை வாங்காவிட்டால் ஆட்டத்தில் ஒன்றும் குறையாது. ஆள் வாங்காவிட்டால் ஒரு நஷ்டம் உண்டு: அந்த ஆளை பிராக்டிஸில் எடுத்து அவன் அடிகளுக்குப் பதில் பழக முடியாது.

கதைப் பகுதி பார்க்க அழகு, ஜின்னும் கஸூயாவும் மோதுவது கண்ணைப் பறிக்கும். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். டெக்கென் 3-இல் இருந்த பந்து விளையாட்டு திரும்பி வந்திருக்கிறது, வீட்டுச் சின்னப் பிள்ளைகளோடு ஆட அதுவே போதும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். டிவியில் கேம் மோட் போடாமல் இந்த விளையாட்டைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண மோடில் டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்கிறது; 80 மில்லி வினாடி தாமதம் என்று வைத்தால் அது 5 ஃப்ரேம். சாதாரணப் பிடியை உடைக்க உங்களுக்குக் கிடைப்பது 20 ஃப்ரேம், அதாவது 333 மில்லி வினாடி. மனிதன் பார்த்து விரலை அசைக்கவே 200 முதல் 250 ஆகும். டிவி 80-ஐ விழுங்கினால் மிச்சம் ஒன்றுமில்லை. "பிடியை உடைக்கவே வரலை" என்கிற பலருக்குக் காரணம் டிவிதான். ஒன்று கவனியுங்கள்: டிவி தாமதம் கஸூயாவின் எலக்ட்ரிக் அடியைப் போடுவதைக் கெடுக்காது. கீழ்-முன் திசையும் முக்கோணமும் ஒரே ஃப்ரேமில் விழுந்ததா என்பதை பிஎஸ்5 நேராக உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது, திரையைக் கேட்பதில்லை. எலக்ட்ரிக் வராவிட்டால் குற்றம் விரலில். பிடி உடையாவிட்டால் முதலில் டிவியைப் பாருங்கள்.

ஆன்லைன். பிஎஸ்5-இல் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டாயம், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் உங்கள் வீட்டுக்கும் எதிராளி வீட்டுக்கும் இடையே நேராக ஓடுகிறது. அதனால் நெட் வேகத்தைவிட அதன் சீர் முக்கியம். 30 எம்பிபிஎஸ் லைனே தாராளம். ரோல்பேக் முறையில், எதிராளியின் பட்டன் வந்து சேரும் முன்பே அவன் என்ன செய்வான் என்று பிஎஸ்5 ஊகித்துக் காட்டிவிடும். ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்தும். வைஃபையில் தகவல் விட்டு விட்டு வருவதால் திருத்தம் அதிகம்; ஆள் திடீரென்று குதித்து இடம் மாறுவதுபோல் தெரியும். காலடியின் முதல் சில ஃப்ரேம்கள் கண்ணுக்கே வராமல் போகும், பார்த்துத் தடுக்க வேண்டியதும் ஊகமாகிவிடும். ரௌட்டர் ஹாலிலும் டிவி உள்ளறையிலும் இருந்தால் கதவோரமாக ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். வேறெந்தச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தராது.

நம் பக்கம் பல வீடுகளில் உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் ஃபைபர்தான். அதில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வது உண்டு. பிஎஸ்5 செட்டிங்ஸில் நெட்வொர்க் போய் இணைப்பைச் சோதித்தால் நாட் டைப் என்று காட்டும். 2 என்றால் பரவாயில்லை. 3 என்றால் பலரோடு ஆட்டம் இணையாமலே அறுந்து போகும். ரௌட்டர் செட்டிங்ஸில் யூபிஎன்பி என்ற வசதியை இயக்கிப் பாருங்கள். அப்போதும் 3-இலேயே நின்றால் தனிப் பொது ஐபி வேண்டும் என்று லைன்காரரிடம் கேளுங்கள். சில இடங்களில் மாதம் சிறு தொகை வாங்கிக்கொண்டு தருகிறார்கள்.

கரண்ட். காற்று சீசனில் ஒரு நொடி போய் வரும் வெட்டுதான் பிஎஸ்5-க்கு ஆபத்து, அப்டேட் இறங்கும்போது போனால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டிவரலாம். வீட்டு இன்வெர்ட்டரின் யூபிஎஸ் மோட் சுவிட்சைப் போட்டுவையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், பிஎஸ்5 அணைந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் டிவி ஸ்டாண்டின் அடைப்புக்குள் செருகிவைக்காதீர்கள். சுற்றிலும் 10 சென்டிமீட்டராவது இடம் விடுங்கள், தூசியை மாதம் ஒருமுறை தட்டுங்கள்.

கண்ட்ரோலரில் ஒரு சின்னத் தொல்லை. எல்1 பட்டனில் ஸ்பெஷல் ஸ்டைல் என்ற எளிய முறை இருக்கிறது: ஒற்றை பட்டனில் காம்போ வரும். விருந்தாளிக்கும் சின்னப் பிள்ளைக்கும் நல்லது. நீங்கள் கற்றுக்கொள்ள நினைத்தால் ஆகாது. ஆளின் பெரும்பாலான அடிகள் அதில் கிடைக்காது. ஆட்டத்தின் நடுவே விரல் தெரியாமல் பட்டாலும் முறை மாறிவிடும். பட்டன் அமைப்பில் போய் எல்1-ஐக் காலியாக விடுங்கள்.

ஆள் தேர்வு: உங்களுக்குப் பால், தம்பிக்கு கிங் என்று தொடங்குங்கள். பாலிடம் அடிகள் நேரானவை, காம்போ எளிது. கிங்கின் பிடிகளை உடைக்கப் பழகினால் கையைப் பார்க்கும் கண் வந்துவிடும்: இடக்கை முன்னே வந்தால் சதுரம், வலக்கை வந்தால் முக்கோணம், இரு கையும் வந்தால் இரண்டும் சேர்த்து. சாதாரணப் பிடிக்குச் சதுரம், முக்கோணம் எதுவானாலும் சரி.

ஆன்லைன் சரியில்லையே என்று சோர வேண்டாம். 2019-இல் ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் பட்டம் வென்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த பாகிஸ்தானின் அர்ஸ்லான் ஆஷ், லாகூரில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் கூட்டத்திலிருந்து வளர்ந்தவர். இரண்டு கண்ட்ரோலரும் ஒரு டிவியும் இருக்கும் உங்கள் வீட்டிலும் அந்தப் பயிற்சி கிடைக்கும். ஒரே ஆளோடு தினம் ஆடும்போது அவன் பழக்கத்துக்கு நீங்களும் உங்கள் பழக்கத்துக்கு அவனும் பதில் கண்டுபிடிப்பீர்கள். ஹீட்டின் பூவா தலையாகூட அங்கே கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் நெருக்கடியில் உங்கள் தம்பி எதைப் போடுவான் என்பது உங்களுக்குத் தெரியும்.

டிஸ்க் போடும் பிஎஸ்5 என்றால் டிஸ்காகவே வாங்குங்கள், பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். பழைய டிஸ்க் வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: முன்பு வைத்திருந்தவர் வாங்கிய எடியும் ஹெயஹாச்சியும் அவர் கணக்கோடு போய்விடுவார்கள், டிஸ்கோடு வர மாட்டார்கள். மெமரியில் 100 ஜிபி காலி செய்துவிட்டு, டிஸ்க் போட்ட அன்று இரவே அப்டேட்டை இறங்கவிடுங்கள். அது முடியாமல் ஆன்லைன் ஆட்டம் திறக்காது.